எட்டாவது துண்டு

"அண்ணா, இதுவும் செத்துப் பூடுச்சுண்ணா."

கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் வீரபாகு இதைச் சொன்னான். சமையலறையில் இருந்த ஜாக்குலினுக்குச் சுர்ரென்று ஏறியது. ஏழாவது முறை!

கூடத்தில்தான் அவள் கணவர் கிளமெண்டின் கடல்நீர்த் தொட்டி. உள்ளே விரல் விரலாக நீட்டிக்கொண்டு ஆடும் மென்பவளங்கள்; அவர் வாயில் 'கோரல்'. ஒரு துண்டை வெட்டி, சின்னக் கல்லில் வைத்து நூலால் கட்டிவிட்டால் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டு தனியாக வளர ஆரம்பிக்கும். போளூரில் செல்போன் கடை வைத்திருக்கும் இந்த வீரபாகு, அப்படிக் கட்டிக் கொடுப்பதை எல்லாம் வாங்கிப்போய்ச் சாகடித்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கின்னாப்பா, வேற கட்டித் தர்றேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தார் கிளமெண்ட்.

ஜாக்குலினுக்கு அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. பட்டுப்புடவைக்கு டிசைன் போட்ட கை அது. எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கை விரல்கள் சரியாக மடங்காமல் போயின. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை, "நான் இன்னா கொழந்தையா?" என்று பரண்மேல் வீசிவிட்டார். அந்தக் கையால் வழுக்கும் துண்டைப் பிடித்து, சாயம் போடாத பட்டு நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிடும். உதவிக்குப் போனாலும் விடமாட்டார்.

'மனுசன் படற பாட்டைப் பார்த்துகினே உக்காந்துகிறான் பாரு!' காபியை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் போளூரில் ஒரு கல்யாணம்.

"அப்படியே வீரபாகு வூட்ல நம்ம கோரல் எப்படிகீதுன்னு பார்த்துட்டு வா" என்றார் கிளமெண்ட்.

நல்லதாகப் போயிற்று. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம்.

கதவைத் திறந்த வீரபாகு திருதிருவென்று விழித்தான். அவனைத் தாண்டி உள்ளே போனவள் தொட்டியைப் பார்த்தாள்.

எட்டுக் கற்கள். எட்டிலும் பவளம் செழித்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, எல்லாம் உசுரோடதானே இருக்குது! இப்படியா பொய் சொல்லுவே?"

வீரபாகு தலையைச் சொறிந்தான். "அண்ணன் பந்தைத் தொடவே மாட்டேங்கிறாருன்னு நீங்கதானே அண்ணி அன்னிக்கு அழுதீங்க? கோரல்னா அவரே கத்தரியைத் தூக்கிடறாரு. செத்துப் பூடுச்சுன்னு சொன்னாத்தானே இன்னொண்ணு கட்டுவாரு? இப்ப பாருங்க, மீனு நீந்தவே எடமில்ல."

ஜாக்குலின் குனிந்து பார்த்தாள். முதல் கல்லில் நூல் தாறுமாறாகச் சுற்றி, முடிச்சு விழாமல் தொங்கியது. எட்டாவது கல்லில் நூல் இழை விலகாமல் இறுகியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது கிளமெண்ட் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கொடுத்த காபியைச் சந்தோஷமாகக் குடித்தாள்.

ஆரணியில் வீட்டுக்குத் திரும்பியபோது கிளமெண்ட் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னா, இந்தத் தடவையாவது பிழைச்சுகிச்சா?"

ஜாக்குலின் உள்ளே போய், கத்தரிக்கோலையும் நூலையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க! அதுவும் செத்துப் பூடுச்சுங்க."