தினம் ஒரு தப்பு

"நாளை செவ்வாய்க்கிழமை நகரின் சில பகுதிகளில் லேசான மழை பெய்யலாம்."

ஸ்டூடியோவில் செய்தி வாசிக்கும் பெண் இப்படிப் படித்ததும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புதிய செய்தி ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்றைக்கே செவ்வாய்க்கிழமைதான்.

"கேமராவுக்கு முன்னாடி திரையில கொட்டை எழுத்துல புதன்னு ஓடுது. அதைப் பார்த்துப் படிக்கறதுக்கு என்ன கேடு?"

பக்கத்தில் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் அலட்டிக்கொள்ளவில்லை.

"தினம் ஒண்ணு விடுவாங்க சார். முக்கியமான செய்தியில விடமாட்டாங்க. கடைசியில வானிலையில வந்து விடுவாங்க. நேத்து தெற்குல அடிக்கிற வெயிலை வடக்குல அடிக்க வச்சாங்க. போகப் போக உங்களுக்கும் பழகிடும்."

பழகிக்கொள்வதற்காக ஆசிரியர் இங்கே வரவில்லை. பெரிய சேனலில் இருந்தவரை, இந்த உள்ளூர்ச் சேனலைத் தூக்கி நிறுத்துங்கள் என்று முதலாளி காலில் விழாத குறையாக அழைத்து வந்திருந்தார். வந்து பார்த்தால், ஊரே பார்க்கும் மாலைச் செய்தியில் தினம் ஒரு சொதப்பல். வெளியே தலைகாட்டினால் போட்டிச் சேனல்காரன், "உங்க செய்தி பார்க்க உட்கார்ந்தா காலண்டரையும் பக்கத்துல வச்சுக்க வேண்டியிருக்கு சார்" என்று கேலி பண்ணுகிறான்.

செய்தி முடிந்ததோ இல்லையோ, டெலிபோன் அடித்தது.

"கண்கொத்திப் பெரியவர்தான்" என்றார் தயாரிப்பாளர், எடுக்காமலேயே. செய்தியில் எங்கே பிசகு என்று பார்த்துக்கொண்டே இருந்து, கண்டதும் போன் போட்டுவிடும் ஒரு நேயருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

யார் தப்பு செய்தார்களோ அவர்களே நேயரிடம் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது முதலாளி வைத்திருந்த சட்டம். திட்டு வாங்கினால் ரோஷம் வரும் என்று ஒரு நம்பிக்கை. இந்தப் பெண்ணுக்கு அது வந்ததாகத் தெரியவில்லை. மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் ஸ்டூடியோவிலிருந்து ஓடி வந்து ரிசீவரை எடுத்தாள்.

"ஆமாங்க, புதன்தாங்க... கவனம் எங்கேயோ போயிடுச்சுங்க... திட்டுங்க, பரவாயில்லை... குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு? வெந்நீர் குடிங்க. பச்சைத் தண்ணி வேண்டாம்."

நேயருக்கு ஐஸ் வைப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? ஆசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா. உனக்கு நல்ல குரல். போன வாரம் பஸ் விபத்துச் செய்தியை ஒரு இடத்துலயும் தடுமாறாம படிச்சே, நானே அசந்துட்டேன். அப்படிப்பட்டவ இந்த மழையிலயும் வெயில்லயும் வந்து ஏம்மா கோட்டை விடறே?"

"சின்னத் தப்புதானே சார். யாருக்கும் கெடுதல் இல்லையே."

"தப்புல என்னம்மா சின்னது, பெரிசு? நாளைக்கு ஒரு தப்பு வரட்டும், அதோட உனக்கு மாலைச் செய்தி கிடையாது. மத்தியானத்துல மிக்ஸி விளம்பரம் படிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"ஒண்ணே ஒண்ணுகூடக் கூடாதா சார்?"

ஆசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் அவரிடம் லீவு கேட்டவர்கள் உண்டு, சம்பள உயர்வு கேட்டவர்கள் உண்டு. தப்புக்கு அனுமதி கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"கூடாது."

மறுநாள் அவள் படித்த படிப்பைப் பார்க்க வேண்டுமே. குடிநீர்க் குழாய் உடைந்ததிலிருந்து பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி வரை தண்ணீர் பட்ட பாடாகப் போனது. வானிலை வந்தபோது ஆசிரியர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கிழமை, திசை, மழை, வெயில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"பார்த்தீங்களா? கொஞ்சம் கண்டிச்சா எல்லாம் வழிக்கு வருது" என்றார் தயாரிப்பாளரிடம்.

"என்னமோ சார், குழம்புல உப்பு குறைஞ்ச மாதிரி இருக்கு."

அவள் வந்து டெலிபோன் பக்கத்தில் நின்றாள். அது வாயைத் திறக்கவில்லை.

"சபாஷ்மா. இனிமே அந்தப் பெரியவர்கிட்ட நீ பாட்டு வாங்க வேண்டாம். நிம்மதியா வீட்டுக்குப் போ" என்றார் ஆசிரியர்.

"சரிங்க சார்" என்றாள். மேக்கப் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலையைக் காப்பாற்றிக்கொண்டவள் முகமாக அது இல்லை. நல்லதுக்குக் காலமில்லை என்று ஆசிரியர் வருத்தப்பட்டார்.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது. ஆசிரியர் தானே பாய்ந்து எடுத்தார்.

"ஐயா, நான் செய்தி ஆசிரியர் பேசறேன். இன்னைக்கு நீங்க எந்தக் குறையும் சொல்ல முடியாது."

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. சண்டைக்காரக் குரலை எதிர்பார்த்தவருக்குத் தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

"அதைக் கேக்கத்தான் சார் போன் பண்ணேன். அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனப்போ, இனிமே செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். சொன்ன வாயால நானா எப்படிப் போய்ப் பேசறது? அவ ஒரு தப்பு விடுவா. திட்டற சாக்குல நானும் ரெண்டு வார்த்தை பேசிக்குவேன். இன்னைக்கு ஒரு தப்புகூட விடலையே, என் பொண்ணுக்கு எம்மேல என்ன சார் கோபம்?"