வழக்குச் சொத்து

"போலீஸ்னு சொல்றேன். அப்புறம் என்னய்யா யோசனை? லாக்கை எடு."

ஏட்டு அந்தச் செல்போனைக் கண்ணாடி மேஜை மேல் தள்ளினார். அன்று அவருக்கு விடுமுறை. ஆனாலும் காக்கிப் பேன்ட்டும் பழுப்பு ஷூவும்தான்; மேலே மட்டும் பூப்போட்ட சட்டை. முன்னும் பின்னும் 'போலீஸ்' என்று சிவப்பில் எழுதிய அவருடைய பைக், கடை வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. இருபது வருஷமாக அது எங்கே நின்றாலும் 'எடுங்க' என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

செல்போன் கடைக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். போனை மட்டும் தொடவில்லை.

"யார் போன் சார் இது?"

"திருட்டுக் கேஸ்ல கைப்பற்றினது. உனக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்?"

"நல்லா விசாரிங்க தம்பி" என்றது ஒரு குரல்.

ஏட்டு திரும்பினார். சுவரோரப் பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாயம் போன பருத்திப் புடவை. மடியில் கைப்பை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பல்லாம் போலீஸ்னு சொல்லிக்கிட்டு ஊரை ஏமாத்தறவங்க ஜாஸ்தி. போன வாரம் எங்க தெருவுல ஒருத்தன் இதே மாதிரி ஷூ போட்டுக்கிட்டு, சோதனை போடணும்னு வீட்டுக்குள்ளேயே நுழைஞ்சுட்டான். கடைசியில பார்த்தா சோப்பு விக்கிறவன்!"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஏட்டுக்குக் காது மடல் சூடேறியது.

"என்னைப் பார்த்தா சோப்பு விக்கிறவன் மாதிரியா இருக்கு?"

"மூஞ்சியிலயா எழுதி ஒட்டியிருக்கு? எந்த ஸ்டேஷன் நீங்க?"

ஏட்டு அடையாள அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல தலை நிறைய முடி இருக்கே..."

"அது சேர்ந்த புதுசுல எடுத்தது!"

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அணிவகுப்பில் பதக்கம் வாங்கிய படத்தைத் தன் போனில் காட்டினார்.

"நாடகத்துல கூட இந்த மாதிரி வேஷம் கட்டுவாங்க" என்றாள் அவள்.

ஏட்டுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டேஷனுக்கே போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தார். "யோவ், நான் யாருன்னு சத்தமாச் சொல்லு."

"ஏட்டய்யாதானே? லீவு நாள்ல கூட எங்களை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களாய்யா?"

"கேட்டுக்கிட்டியா?" என்று அந்த அம்மாளை முறைத்தார். அப்போதுதான் அவருக்கே ஒரு சந்தேகம் தட்டியது. சம்பந்தமில்லாத இந்தப் பொம்பளை ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறாள்?

"ஆமா, நீ எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கே?"

"என் வேலை முடியணுமில்ல சார்? அதுக்குத்தான். சரி, நிஜமான போலீஸ்னா எழுதிக் கொடுங்க. உங்க பேர், நம்பர், ஸ்டேஷன், எதுக்காகத் திறக்கச் சொல்றீங்க, எல்லாம். நாளைக்கு ஒண்ணுன்னா இந்தத் தம்பி மாட்டிக்கக் கூடாது பாருங்க."

"ஆமா சார்" என்றார் கடைக்காரர். "எழுதிக் கொடுத்துட்டா இப்பவே எடுத்துடறேன்."

'இவ்வளவுதானே' என்று ஏட்டு காகிதத்தை இழுத்தார். பெயர், பதவி, நம்பர், ஸ்டேஷன். 'திருட்டு வழக்கில் கைப்பற்றப்பட்ட இந்தக் கைப்பேசியை விசாரணைக்காகத் திறந்து தரவும்.' தேதி போட்டு, கீழே நீட்டி ஒரு கையெழுத்து.

அந்த அம்மாள் எழுந்து வந்து அதை நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

"இப்பவாவது நம்பறியா?"

"சத்தியமா நம்பறேன் சார்."

கடைக்காரர் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். கால் மணி நேரத்தில் பூட்டு திறந்துகொண்டது. ஏட்டு அதை வாரிக்கொண்டு கடையின் மூலைக்குப் போனார்.

அது கேஸ் போன் இல்லை. அவருடைய மனைவியின் போன். இரண்டு மாதமாக அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் பேச்சைச் சட்டென்று நிறுத்திவிடுகிறாள். காலையில் போனைப் பிடுங்கி, லாக் நம்பரைக் கேட்டு, கன்னம் வீங்க அறைந்தும் பார்த்தாயிற்று. அவள் வாயைத் திறக்கவில்லை. "வாங்கின கடையிலேயே போய்த் திறக்கிறேன்டி" என்று கத்திவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

அவர் நினைத்தது சரி. பெயரில்லாத ஒரே ஒரு எண். அவர் டியூட்டிக்குப் போன பிறகு, தினமும் பதினோரு மணிக்கு.

'எவனா இருந்தாலும் சரி, இன்னிக்குத் தோலை உரிச்சுடறேன்.' பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினார்.

அவர் முதுகுக்குப் பின்னால், பெஞ்சின் மேலிருந்த கைப்பைக்குள் மணி அடித்தது.

"சொல்லுங்க ஏட்டு" என்றாள் அந்த அம்மாள், போனைக் காதில் வைத்து அவரையே பார்த்தபடி. "உங்க மனைவி கொடுத்த புகாரை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர்தான் பேசறேன். நீங்க இங்கதான் வர்றீங்கன்னு அவங்க பக்கத்து வீட்டுப் போன்ல சொல்லிட்டாங்க; இதுவரைக்கும் அவங்க வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது, இப்ப உங்க கையெழுத்தும் கிடைச்சுடுச்சு."