ஒரு கிளாஸ்தான்

முன்பெல்லாம் எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டர் நிகில் கேட்டதும் ராமர் தரையைப் பார்த்தான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் பெண்டாட்டி பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச வேண்டிய இடத்தில் வாயில் கொழுக்கட்டை.

நாலு வருஷமாக அவள் புருஷனிடம் பேசுவதில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், அவ்வளவுதான். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறோம், துணைக்கு ஆள் வேண்டும் என்று சொன்னதால்தான் இன்றைக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த ஆஸ்பத்திரிப் படியேறினாள்.

"மூணு கிளாஸ் குடிச்சிட்டு ஒண்ணுதான்னு சொல்லுவாரு சார்," என்றாள் டாக்டரிடம்.

அப்படித்தான் சொல்லுவான். பக்கத்து ஜூ டவுனில் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டாளிகளோடு உட்கார்ந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வருவான். வாசலிலேயே வாந்தி. எவ்வளவு என்று கேட்டால், ஒரு கிளாஸ். எப்போது கேட்டாலும் அதே ஒரு கிளாஸ். கூடவே குடித்த அருண்பாண்டி நேராக நடந்து போவான், இவனுக்கு மட்டும் கால் பின்னும். யார் காதில் பூச்சுற்றுகிறான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சிக்குப் பொறுக்கவில்லை. இசக்கியம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் சூடத்தை ஏற்றி வைத்து, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது. அவர்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ராமர் தள்ளாடிக்கொண்டே வந்து ஓங்கி அடித்தான். ஒரு கிளாஸ்தான் என்றான்.

ஒன்பதாம் நாள் குழந்தை இசக்கிசெல்வி போய்விட்டாள். மூன்று வயது. காலையில் காய்ச்சல், மத்தியானம் வலிப்பு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யார் பெயரை வைத்தார்களோ அந்த அம்மனே எடுத்துக்கொண்டாள். பொய்ச் சத்தியம் சும்மா விடுமா? பேச்சி ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. ஊருக்குக் கொண்டுபோய்க் கிடத்தியிருந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் ராமரே சொன்னான். மூன்று கிளாஸ் குடித்தேன், சூடத்தை அணைத்துப் பொய் சொன்னேன், என்னால்தான் பிள்ளை போனாள் என்று.

பாவி. பெற்ற பிள்ளையைத் தின்றுவிட்டான். அன்றைக்கே குடியை விட்டான்தான், விட்டு என்ன பிரயோசனம்? பேச்சி அன்று மூடிய வாயை அவனிடம் திறக்கவே இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். இரைப்பையில் ஒரு கிருமி இருக்கிறது, சின்ன வயதிலேயே ஒட்டியிருக்கும், வயிற்றுப் புண்ணுக்கு அதுதான் காரணம், பதினாலு நாள் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்றார். பிறகு என்னவோ தோன்றி பேச்சியின் பக்கம் திரும்பினார். குடிக்கிற சரக்கில் கொஞ்சத்தை வயிறே முறித்துவிடுமாம். இந்தக் கிருமி இருந்தால் வயிற்றுக்கு அந்தத் திராணி குறைந்துவிடுமாம். அதனால் சிலருக்குக் கொஞ்சமாகக் குடித்தாலும் முறியாமல் அப்படியே ரத்தத்தில் ஏறுமாம்.

"ஒரு கிளாஸே மூணு மாதிரி காட்டியிருக்கும் சேச்சி. ஆளு கள்ளம் பறஞ்சதா இருக்காது."

பொய் சொல்லியிருக்க மாட்டானாம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்த பிறகுதான் பேச்சிக்கு உறைத்தது. ஒரு கிளாஸ் நிஜமென்றால் சத்தியமும் நிஜம். சத்தியம் நிஜமென்றால் பிள்ளை அதனால் போகவில்லை. அப்புறம் இந்த மனுஷன் எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்?

"எதுக்கு மூணுன்னு சொன்னீங்க?"

நாலு வருஷம் கழித்து அவனிடம் கேட்ட முதல் வார்த்தை. ராமர் வராந்தாவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு எங்கக்கா உன்னயல்லா கேட்டுட்டு இருந்தா," என்றான்.

ஆமாம், கேட்டாள். அவன் அக்கா சங்கரி பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். கொதிக்கிற காய்ச்சலோடு பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எறால் உரிக்கிற வேலைக்குப் போனாயே, உனக்கு எப்படியடி மனசு வந்தது என்று. கூடியிருந்த அத்தனை பேரும் பேச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் ராமர் எழுந்து நின்று, மூன்று கிளாஸ் குடித்தேன் என்று கத்தினான்.

அதற்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் பேச்சியிடம் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.