டிக்கிக்குள் இருந்த ஸ்டிக்கர்

விற்பனைக்கு நின்ற பழைய கார் ஒன்றின் ஸ்பிரிங்குக்கு, தான் பந்தயக் கார் ரகம் என்று நினைப்பு. "கம்பெனியிலேயே ஸ்பெஷலாகப் பொருத்தினார்கள், அண்ணே," என்று பக்கத்து ஷாக் அப்சர்பரிடம் தினமும் குதித்துக் குதித்துச் சொல்லும்.

"சரி, அடங்கு," என்று ஷாக் அப்சர்பர் அதை அமுக்கிவிடும்.

ஒருநாள் வெண்மதி என்ற நர்ஸ் காரைப் பார்க்க வந்தாள். குனிந்து ஸ்பிரிங்கைத் தடவி, "இது எந்த ரகம்?" என்று கேட்டாள். விற்பவருக்குத் தெரியவில்லை. அவளே டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, எந்தப் பாகம் எந்த ரகம் என்று அச்சடித்த கம்பெனி ஸ்டிக்கரைத் தேடினாள்.

ஸ்பிரிங் நடுங்கியது. "ஸ்டிக்கரே, பந்தய ரகம் என்று சொல்லிவிடேன்."

"என்மேல் அச்சடித்ததைத்தான் காட்ட முடியும். நீ கரடுமுரடு ரோட்டுக்கான ரகம்."

ஸ்பிரிங் சுருங்கிப்போனது. ஸ்டிக்கரைப் படித்த வெண்மதியோ துள்ளினாள். "எங்க மலை ரோட்டுக்கு இதைத்தான் மூணு மாசமா தேடுறேன். பிரசவத்துக்கு ஆளுங்கள அலுங்காம கீழே கொண்டுவரணும்."

அடுத்த வாரமே மலை ரோட்டில் கார் இறங்கியது. முதல் பள்ளத்தில் ஸ்பிரிங் அலறியது. இரண்டாவதில் சிரித்தது. மூன்றாவதில், "அண்ணே, அதோ இன்னும் பெரிய பள்ளம், விடாதே," என்று கூவியது. ஷாக் அப்சர்பருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பின் சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.