நிலாவில் புதுப் பள்ளம்

கிரிவலப் பாதையில் மகள் அறிவுமதிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்ததும் சக்கரவர்த்தி ஆவலாகக் கேட்டார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"நிலாவுல புதுசா ஒரு பள்ளம் விழுந்திருக்காம்ப்பா. அடியில இருந்த மண்ணு மேலே வந்து சிதறிக் கெடக்குதாம்."

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பள்ளத்தை வைத்தே நிலாவின் மேலோட்டில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கத்தானே இவள் எட்டு வருடமாய் அந்தக் கருவியைச் செய்தாள்! அது ராக்கெட்டில் கிளம்பியும் போய்விட்டது.

"அண்ணாமலையார் கண்ணத் தொறந்துட்டாரும்மா! உன் மிஷினு பத்திரமா எறங்கணும்னு பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்பில்லாம சுத்தினேனே, வீண்போவல. ஆமா, எது விழுந்துச்சாம்? விண்கல்லா?"

அறிவுமதி மலைக்கு மேலே எழுந்த முழுநிலவைப் பார்த்தாள்.

"இல்லப்பா. என் மிஷினுதான்."