நாற்பது ஜன்னல் கப்பல்

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்று ஃபரீஹா சொன்னபோது நிக்காஹுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பிரியாணிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. பத்திரிகை காரைக்கால் வரை போய்விட்டது.

காரணம், ஒரு விண்கப்பல்.

செய்தி கேட்டதும் மாப்பிள்ளையின் அம்மா கனீஸ் பாத்திமா ஆட்டோ பிடித்து முல்லா வீதிக்கு ஓடி வந்தார். மாப்பிள்ளை முஆஸும் கூடவே வந்தான். ஆனால் நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பதில் பெண்ணின் அப்பா அப்துல் கஃபார் மகா கறார். அதனால் பையன் தெருமுனை டீக்கடையோடு நின்றுவிட்டான்.

"இன்னாம்மா பிரச்சினை?" என்றார் அப்துல் கஃபார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு ஆட்டம் அத்தா. நாமளே கப்பலை டிசைன் பண்ணி, படை சேத்து, விண்வெளியில சண்டை போடணும். நானும் அவரும் ஒரே படை."

"நிச்சயம் ஆன புள்ளைங்க பண்ற காரியமா இது? வேலையத்தவன் வேலை."

கனீஸ் பாத்திமா கைப்பையிலிருந்து லேமினேட் செய்த படம் ஒன்றை எடுத்து நீட்டினார். "நீங்களே பாருங்க சம்பந்தி. என் புள்ள ரெண்டு மாசம் உக்காந்து போட்ட கப்பல். இதுல இன்னா குறை கண்டுட்டா உங்க பொண்ணு?"

முஆஸ் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் டிசைன் போடுகிறவன். கப்பலைப் பார்த்தாலே அது தெரிந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் தெரு வீடுகளின் அதே மஞ்சள், அதே வெள்ளை பார்டர். சுற்றிலும் பூ வேலை செய்த கிரில். வரிசையாக நாற்பது ஜன்னல். முன்பக்கம் ஒரு பால்கனி வேறு.

"பால்கனி எதுக்கு?" என்றார் அப்துல் கஃபார்.

"காத்து வாங்கத்தான்" என்றார் கனீஸ் பாத்திமா.

"விண்வெளியில காத்தே கிடையாது மாமி" என்றாள் ஃபரீஹா.

"அப்ப உள்ள புழுக்கமா இருக்குமே" என்று கவலைப்பட்டார் அவர்.

"பீரங்கியைக் காணோமே?" என்றார் அப்துல் கஃபார்.

"அதைத்தான் அத்தா நானும் கேக்கறேன். ஒண்ணுகூட இல்ல. பீரங்கி வெச்சா முகப்பு கெட்டுடுமாம்."

ஃபரீஹா நடந்ததைச் சொன்னாள்.

"போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு சிவப்புக் கப்பல் வந்து என்னைச் சுத்திக்கிச்சு. என் கப்பல் தீப்பிடிச்சிடுச்சு. உள்ள நூத்தியிருபது பேரு. இந்த ஆட்டத்துல செத்தவங்க செத்தவங்கதான், திரும்ப வரமாட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் பேரு வெச்சிருந்தேன்."

"எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்களா?" கனீஸ் பாத்திமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"காப்பாத்த வாங்கன்னு அவரைக் கூப்பிட்டேன். வந்தாரு. என் கப்பலை ஒட்டி ஒரு நிமிஷம் நின்னாரு. அப்படியே திருப்பிக்கிட்டு ஓடிட்டாரு. பெயின்ட் போயிடும்னு பயம். நான் அப்பவே ஆட்டத்தை மூடிட்டேன். அவர் நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன்." மூடியிருந்த லேப்டாப்பை அவள் தள்ளி வைத்தாள். "நாளைக்கு எனக்கு நிஜமாவே ஒரு கஷ்டம் வந்தா, இவரு கிரில்லுக்குப் பெயின்ட் அடிச்சிக்கிட்டு இருப்பாரு."

விளையாட்டுதானே என்று தள்ளிவிட யாருக்கும் மனம் வரவில்லை. விளையாட்டிலேயே விட்டுவிட்டு ஓடுகிறவன் நிஜத்தில் நிற்பான் என்று எந்தத் தைரியத்தில் பெண்ணைக் கொடுப்பது?

"அவனைக் கேட்டேம்மா" என்றார் கனீஸ் பாத்திமா. "'ஒரே ஒரு தடவை ஆட்டத்தைத் திறந்து பாக்கச் சொல்லு, நானா சொன்னா பெருமை பேசற மாதிரி இருக்கும்'னு சொல்றான். வேற வாயே தொறக்க மாட்டேங்கறான்."

"அந்தச் சனியனை இனி நான் தொடமாட்டேன் மாமி."

சொல்லிக்கொண்டே ஃபரீஹா நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கனீஸ் பாத்திமா கையை நீட்டினார்.

அப்துல் கஃபார் செருமினார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய் சமையலறையை எட்டிப் பார்த்தார். மனைவி ஷாஹீன் அங்கே மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மோதிரத்தைப் போட்டுக்க. அவன் பயந்து ஓடல."

"அத்தா?"

"உன் ஆளுங்க நூத்தியிருபது பேரையும் ஜன்னல் வழியா உள்ள ஏத்திக்கிட்டான். ஒருத்தரை விடல. பீரங்கி வெச்ச கப்பல்ல அத்தனை பேருக்கு ஏது எடம்? போற வழியெல்லாம் முதுகுல குண்டு. பால்கனி போச்சு, கிரில் போச்சு, அந்த மஞ்சப் பெயின்ட் ஒரு எடத்துல இல்ல. அப்பவும் திரும்பிப் பாக்காம கொண்டு போயி பத்திரமா எறக்கிட்டான்."

ஃபரீஹா லேப்டாப்பை இழுத்துத் திறந்தாள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. விரல் வைத்து எண்ணினாள். நூற்றியிருபது பேரும் உயிரோடு இருந்தார்கள்.

மோதிரம் தானாக விரலுக்குப் போனது. கனீஸ் பாத்திமா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஃபரீஹாவுக்கு உறைத்தது.

"அத்தா, நான் ஆட்டத்தை மூடினதுக்கு அப்புறம் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாப்பிள்ளையைப் பத்தி பள்ளிவாசல்ல விசாரிச்சேன். பட்டறையில விசாரிச்சேன். எல்லாரும் தங்கமான பையன்னு ஒரே மாதிரி சொன்னாங்க. மத்தவங்க சொன்னதை வெச்சுப் பொண்ணைக் குடுத்துட முடியுமா?"

அப்துல் கஃபார் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆறு சிவப்புக் கப்பலும் என்னுதும்மா."