சத்தமே துணை

அந்தத் தெருவில் எல்லோருக்கும் தலைவலி. மாடிவீட்டு அக்காவுக்கு மட்டும் இல்லை.

தெருக்கோடியில் டேட்டா சென்டர் வந்ததிலிருந்து அதன் ராட்சத விசிறிகள் ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தன. உலகத்தில் யார் யாரோ எடுத்த புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர்கள் சூடாகிவிடாமல் இருக்க, இங்கே ஐம்பது குடும்பங்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தன.

அவர்களில் அதிகம் அடிபட்டவள் ஒரு நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலில்தான் தூக்கம். அந்தத் தூக்கத்துக்குத்தான் உலை வைத்தார்கள். போன மாதம் ஒரு நோயாளியின் ஊசியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போடப் போய், கடைசி நொடியில் கை நின்றது. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வீட்லயே இருந்துக்கோம்மா" என்றுவிட்டார் பெரிய டாக்டர். அன்றைக்கே அவள் எதிர்ப்புக் குழுவின் செயலாளர் ஆனாள்.

தெருவே மனுவில் கையெழுத்துப் போட்டது. கம்பெனிச் சுவரை ஒட்டிய வீடு அக்காவுடையது. அவள் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"எனக்கு நல்லாத் தூக்கம் வருதே! அந்த மனுஷன் ஓடிப்போனதுலருந்து வீட்ல நான் ஒத்தை ஆளு. இந்தச் சத்தம்தான் எனக்குத் துணை."

"சத்தம் துணையாம்ல!" என்றார் கையெழுத்து வாங்க நர்ஸோடு போயிருந்த டிராவல்ஸ்காரர், வெளியே வந்ததும். "மாடி ஜன்னலுக்கெல்லாம் சத்தத்தைக் குறைக்கிற ரெட்டைக் கண்ணாடி போட்டிருக்கு பாத்தீங்களா? யார் வீட்டுக் காசு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்கம்மா."

நர்ஸுக்கும் அதுதான் தோன்றியது. தெருவில் ஒருவருக்கும் முகம் கொடுக்காத கம்பெனி மேனேஜர், அக்காவைக் கண்டால் மட்டும் காரை நிறுத்திக் கும்பிடுவார்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அதிகாரி வந்து சத்தத்தை அளக்க வேண்டும். விசிறிகள் ஓடும்போது ஒரு தரம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு தரம் என்று உத்தரவு. கம்பெனி குதித்தது. அதைவிட அதிகமாக அக்கா குதித்தாள்.

"ஓடும்போது அளந்தாப் போதாதா? நிறுத்தி வேற பாக்கணுமா?" என்று நர்ஸ் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"தெருவோட சத்தம் எவ்வளவு, அவங்க சத்தம் எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்க வேணாமா? ஏங்க்கா, மேனேஜர் கேட்டுட்டு வரச் சொன்னாரா?"

அக்கா புடவைத் தலைப்பைத் திருகினாள். பிறகு, "உங்கிட்ட தூக்க மாத்திரை இருந்தாக் குடேன். கொஞ்சம் பவர் ஜாஸ்தியா" என்றாள்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டிக்கிட்டீங்களா! நல்லாத் தூக்கம் வருதுன்னீங்களே? நாளைக்குச் சத்தம் நின்னா மாத்திரை இல்லாமலே வரும், போங்கக்கா."

மறுநாள் காலை, அக்கா வீட்டு வாசலில் அதிகாரி மீட்டரை ஸ்டாண்டில் நிறுத்தினார். தெருவே கூடியிருந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. விசிறிகள் ஓடும்போது அளந்தாயிற்று. மேனேஜர், பெற்ற பிள்ளையை அடகு வைப்பவர் போல, போனில் "நிறுத்து" என்றார்.

உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

வெகுநாள் கழித்துத் தெருவுக்குக் காது திரும்பி வந்தது. எங்கோ குழாய் சொட்டியது. ஒரு காக்கை கரைந்தது. டிராவல்ஸ்காரருக்கு மூச்சு இரைக்கும் என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நர்ஸ் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம். வேலை பிழைத்தது. இன்று வீட்டுக்குப் போய் மனிதர்களைப் போலத் தூங்கலாம்.

அதிகாரி முகத்தைச் சுளித்தார். "யாருங்க அது கத்துறது? மீட்டர் ஏறுது பாருங்க. கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

தெருவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, கத்திக் கத்திக் கம்மிப்போன ஆண் குரல் ஒன்று, "யாராவது வந்து கதவைத் திறங்களேன்" என்றது.

அக்காவின் புருஷன் அப்படியொன்றும் தூரமாக ஓடிப்போய்விடவில்லை.